பரோட்டாக் கை

ஆரணி பேருந்து நிலையத்துக்கு எதிரே, சிவப்பு எழுத்தில் ‘பாஸ்ட் புட்’ என்று எழுதிய தள்ளுவண்டியோடு ஒருவன் வந்து நின்றது எண்பதுகளின் கடைசியில். மெட்ராஸில் ஏதோ கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவனாம். பெரிய இரும்பு வாணலி, அடியில் சீறுகிற அடுப்பு, தலைக்கு மேல் டியூப் லைட். நூடுல்ஸ், ஃப்ரைடு ரைஸ் என்று இரண்டே அயிட்டம். ஒரே மாதத்தில் பாதி ஊர் அங்கே நின்றது. பட்டுக் கடை முதலாளிகள் ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு நின்றார்கள். எங்கள் தெருப் பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் நின்றார்கள்.

என் மாமியாரும் நின்றாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, தெருவில் நின்று தின்கிறவனை மனுஷனாகவே மதிக்காத பெண்மணி அவள். பேரன் நச்சரித்தான் என்று ஒரு சாயங்காலம் எங்களோடு கிளம்பி வந்தாள். வண்டிக்கு முன்னால் நடுரோட்டில், இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு, ஸ்பூனில் ஏற மாட்டேன் என்கிற நூடுல்ஸோடு மல்லுக்கட்டினாள். ஒன்று வாயிலிருந்து முகவாய்க்கட்டை வரைக்கும் தொங்கியது. என் பையன் சிரித்தான். அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. வாணலியைச் சுழற்றுகிறவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“அந்த மாஸ்டர் கையப் பாரேன், இன்னா வேகம். தொழில் தெரிஞ்ச கைன்னா அது கை.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை அப்படியே சாக்கடையில் வீசிவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. அவள் அந்த வார்த்தையைச் சொல்லலாமா? யார் வேண்டுமானாலும் சொல்லலாம், அவள் சொல்லலாமா?

என் அப்பா வந்தவாசியில் பரோட்டாக் கடை வைத்திருந்தார். பேருந்து நிலையத்தை ஒட்டி, நான்கு பெஞ்சும் ஒரு தோசைக்கல்லும் போட்ட கடை. முதலாளியும் அவர்தான், மாஸ்டரும் அவர்தான். தெள்ளார் பக்கத்து கிராமத்தில் எங்கள் ஆட்களும் ஒரு காலத்தில் தறி ஓட்டியவர்கள்தான். சாதாரணப் பருத்தித் தறி. அதில் சோறு கிடைக்கவில்லை என்று அப்பா சின்ன வயதிலேயே மாவு பிசையப் போய்விட்டார். அம்மா நான் சிறுமியாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டாள். நான் அந்தக் கடையில்தான் வளர்ந்தேன். வெங்காயம் உரிப்பேன், இலை துடைப்பேன், கூட்டம் இல்லாத நேரத்தில் அப்பா மாதிரியே மாவை வீசிப் பழகுவேன். கிழிந்தால் திட்டுவார். அப்பாவுக்குத் திட்டாமல் பேச வராது. “ஏண்டி கழுதை” என்று ஆரம்பித்தால்தான் அவருக்கு அடுத்த வார்த்தையே வரும். கோபம் இருக்காது, பழக்கம்.

அவர் கையைச் சொல்ல வேண்டும். இருபது வருஷம் எண்ணெயில் ஊறிய கை. நகக்கண் வரைக்கும் பளபளவென்று இருக்கும். பிடித்தால் வழுக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் லேசாகக் கல்லின் வாசம் அடிக்கும்.

ஆரணியில் பட்டுத் தறி ஓட்டுகிற ஒருவர், யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குப் புடவை கொடுக்க வந்தவாசி வந்தவர், பசிக்கு அப்பா கடையில் உட்கார்ந்தார். நான் உரித்த வெங்காயத்தை உள்ளே தூக்கிக்கொண்டு போனேன். அப்புறம் அவருக்கு மாதத்தில் இரண்டு தரம் வந்தவாசியில் வேலை வந்தது. கடைசியில் அவரே ஒரு தரகரைப் பிடித்து அனுப்பினார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

தரகர் போய் என் மாமியாரிடம், “பொண்ணோட அப்பா ஓட்டல் வச்சிருக்காரு” என்று சொல்லிவிட்டார். சொல்லச் சொன்னது என் வீட்டுக்காரர். மார்பிள் மேஜை, வாழை இலை, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் விபூதி பூசிக்கொண்டு ஒரு முதலாளி என்று என் மாமியார் கற்பனை செய்துகொண்டாள். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கடைப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு அப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமான மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்.

“எங்கம்மாக்குத் தெரிஞ்சா உன்ன ஊட்ல வெக்காது. நீ பாட்டுக்கு வாயத் தொறக்காம இரு. ஒரு புள்ள பொறந்துட்டா அப்பால ஒண்ணும் பண்ண முடியாது.”

அவர் பயமுறுத்தவில்லை, நிஜத்தைத்தான் சொன்னார். அவருக்கு முதலில் பார்த்த பெண்ணை, அவளுடைய அண்ணன் டீக்கடையில் பஜ்ஜி போடுகிறான் என்று தெரிந்ததும், நிச்சயதார்த்தத்துக்குப் போன இடத்தில் வேண்டாம் என்று தாம்பூலத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தவள் என் மாமியார். அந்தக் கதையைத் தெருவே பெருமையாகச் சொல்லும். அவளுக்கு மனிதர்கள் இரண்டே வகை. வீட்டில் சாப்பிடுகிறவர்கள், வக்கில்லாமல் கடையில் தின்கிறவர்கள். தெருக்கடையில் சுட்டு விற்கிறவர்கள் அந்த இரண்டிலும் சேர்த்தி இல்லை.

பரோட்டா என்றால் அவளுக்குத் தனி வெறுப்பு. “போஸ்டர் ஒட்ற பசைய உருட்டி எண்ணெயில போட்டுக் குடுக்கறான், இதுங்களும் நாக்கத் தொங்கப் போட்டுகினு போயி தின்னுதுங்க” என்பாள். தறிக்காரன் பரோட்டா தின்றால் பட்டு கெட்டுவிடும் என்பாள். அந்தக் கொழுப்பு கையை விட்டுப் போகாது, இழையில் ஏறும், புடவையில் கறை தெரியும், கடைக்காரன் மடித்துப் பார்த்துவிட்டு மூஞ்சியில் வீசுவான் என்பாள். கறை பட்ட புடவை எங்காவது தெருவில் திரும்பி வந்தால், “எவன் பரோட்டா தின்ன கையோ” என்று அவள் சொல்வதைக் கேட்டு நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

அந்த வீட்டில் நான் திருடி மாதிரி இருந்தேன். குழம்புக்கு சோம்பு தாளித்தால் கடை வாசம் வந்துவிடும் என்று சோம்பு டப்பாவையே தொடமாட்டேன். ஒருநாள் சப்பாத்திக்கு மாவு பிசைந்தபோது, என்னையறியாமல் உருண்டையை எடுத்துப் பலகையில் ஓங்கி அடித்துவிட்டேன். கூடத்திலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். கை தவறிவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன். அன்றிலிருந்து தெரியாதவள் மாதிரி, வேண்டுமென்றே கோணல் மாணலாகத் தேய்ப்பேன். “ஓட்டல்காரர் பொண்ணுக்கு வட்டமா ஒண்ணு தேய்க்கத் தெரியலியே” என்று சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

முதல் ஆடி வந்தது. புதுப்பெண்ணை அழைத்துப் போக அப்பா வந்தாக வேண்டும். நான் கடிதம் எழுதினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த விரலை ஒடிக்கலாம் போல இருக்கிறது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், கடையிலிருந்து எதுவும் கட்டிக்கொண்டு வராதீர்கள், முதல் நாளே அடுப்பை அணைத்துவிட்டு நன்றாகக் குளித்துவிட்டு வாருங்கள், எண்ணெய் வாசம் இருக்கக் கூடாது என்று பெற்ற தகப்பனுக்கு எழுதினேன்.

அவர் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாவு தெருவில் இருந்தது. பாவு என்பது தறியில் ஏற்றுவதற்கு முன்னால் இருக்கிற நெடுக்கு இழைகள். ஆயிரக்கணக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, நடுநடுவே குறுக்குக் குச்சிகளில் தாங்கவிட்டு, கஞ்சி தடவிக் காயவைக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்கு நான்கு வீட்டு ஆட்கள் வந்து கை கொடுப்பார்கள். தொடுகிறவர்கள் கையைக் கழுவி, சாம்பல் தேய்த்துக்கொண்டுதான் தொட வேண்டும். பாவு இருக்கிற நேரத்தில் சைக்கிள்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போகும்.

முந்தின நாள் மழை பெய்து தெரு சேறாக இருந்தது. ஆவணி முகூர்த்தத்துக்குப் புடவை வேண்டும் என்று கடைக்காரர் நெருக்கியதால், ஆடிக்காற்று எழுவதற்குள் முடித்துவிடலாம் என்று விடிந்ததும் விடியாததுமாக ஆரம்பித்துவிட்டார்கள். பாதி வேலையில் காற்று எழுந்துவிட்டது. “ஜல்தி ஜல்தி” என்று மாமியார் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் தூரத்து முனையில் பாவு கட்டிய கட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கஞ்சிப் பானையோடு வாசற்படியில் நின்றேன்.

அப்போதுதான் தெருமுனையில் அப்பா வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சீர் வைத்த பை. எனக்கு அவரைப் பார்த்த சந்தோஷம் வரவில்லை. அவர் கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, பாவுக்குப் பக்கமாக, சேற்றைத் தாண்டித் தாண்டி வந்தார். படியில் பையை வைத்தார்.

ஒரு பெருங்காற்று அடித்தது. நடுவில் இருந்த குச்சிகள் இரண்டும் சரிந்தன. பாவு தொய்ந்து சேற்றை நோக்கி இறங்கியது.

“புடிங்க, யாராச்சும் புடிங்க,” மாமியார் அலறினாள்.

பக்கத்தில் இருந்தது அப்பா ஒருவர்தான். ஒரே எட்டில் பாய்ந்து, மண்டியிட்டு, இரண்டு கையையும் பாவுக்கு அடியில் நீட்டினார். கல்லிலிருந்து சுடச்சுடப் பரோட்டாவை அள்ளுகிற அதே வேகம். பட்டு அவர் உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

“அப்பா, தொடாதீங்க. கையில எண்ணெய்.”

கத்தியது நான்தான்.

அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். பாவு அவர் கண்ணெதிரே சேற்றில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் தூரத்திலிருந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. ஆட்கள் ஓடிவந்து பாவைத் தூக்கினார்கள். நடுவில் ஒரு புடவை நீளத்துக்குச் சேறு. மாமியார் அதைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

“அவுரு புடிச்சிருந்தா தப்பிச்சிருக்கும். எதுக்குடி கத்தன?”

நான் கஞ்சிப் பானையைப் படியில் வைத்தேன்.

“கையில எண்ணெய்ன்ற. ஓட்டல் முதலாளி கையில இன்னா எண்ணெய்?”

ஏதாவது பொய் தோன்றாதா என்று தவித்தேன். அத்தனை மாதம் பொய்யிலேயே குடித்தனம் செய்தவளுக்கு அந்த நேரத்துக்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அப்பா எழுந்தார். முழங்காலெல்லாம் சேறு.

“ஓட்டல் இல்லீங்க. பரோட்டாக் கடை. நாந்தான் பரோட்டா போடறவன். பொய் சொன்னது நான், பொண்ணு மேல தப்பு இல்லீங்க.”

அந்தப் பொய்யை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவர் அந்த முனையில் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமியார் அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். “அதானே” என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அது போதுமானதாக இருந்தது.

அப்பா கிளம்பிவிட்டார். தெருமுனை வரைக்கும் பின்னால் ஓடினேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். அவர் நின்று, “உள்ள போங்கம்மா, அவங்க கோச்சிக்கப் போறாங்க” என்றார். கையை விரித்து ஒரு தரம் பார்த்துக்கொண்டார். அப்போதுதான் நானும் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, சீயக்காய் வாசம் அடித்தது. பேருந்து நிலையக் குழாயடியில் நின்று சீயக்காய் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவியிருக்கிறார். அன்றைக்கு அந்தத் தெருவிலேயே சுத்தமான கை அவருடையதுதான்.

அன்று மத்தியானமே என் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் அதைத் தூக்கி உள்ளே வைத்தார். “நான் தின்னு பாத்துட்டுத்தான் கட்டிகினேன். அவள அனுப்பினா நானும் அவகூடப் போறேன். தறியில நீயே குந்திக்க” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். தறிக்கு அவர் வேண்டும், அதனால் நானும் தங்கினேன். ஆறு மாதம் மாமியார் என்னோடு பேசவில்லை. பண்டிகை நாளில் என்னை அடுப்படியில் சேர்க்கமாட்டாள். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

அப்பாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் அவர் என்னை ஒரு தரம்கூடத் திட்டவில்லை. வந்தவாசிக்குப் போனால் நாற்காலி போடுவார். “வாங்கம்மா, உக்காருங்க” என்பார். அவருடைய கழுதையை அவர் சம்பந்தி வீட்டு மனுஷி மாதிரி நடத்தினார். நானும் கடை வழியாகப் போகாமல் கொல்லைப்புறமாகவே போய் வந்தேன், ஆரணி ஆட்கள் யாராவது பேருந்துக்கு நின்றுகொண்டிருப்பார்களோ என்று. பையன் பிறந்தபோது வந்து பார்த்தார். குழந்தையைப் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். நான் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “பட்டும்மா. நான் தொடக் கூடாது” என்றார். மாமியார் பக்கத்தில் இருந்தாள். நான் துணியை அவிழ்த்துவிட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

ஆக, என் மாமியாரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அவள் பரோட்டாவைக் கேவலமாகப் பேசினாள், அவ்வளவுதான். அப்பாவின் கையைத் தட்டிவிட்டது நான். இது தெரிந்துதான் அந்த பாஸ்ட் புட் வண்டி முன்னால் என் வயிறு அப்படி எரிந்தது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

“எங்கப்பா கையும் தொழில் தெரிஞ்ச கைதான் அத்தே. இதே மைதாதான், இதே வேகந்தான்.”

மாமியார் ஸ்பூனை நிறுத்தினாள். கோபமெல்லாம் இல்லை. புரியாத குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

“அது வேறம்மா. அது பரோட்டா. இது பாஸ்ட் புட்டு.”

சுற்றி நின்ற இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். நான் மீதியைத் தின்று முடித்தேன். நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து பட்டுப் புடவையை எடுத்தேன். என்னிடம் இருந்த ஒரே நல்ல பட்டு அது. கடைக்கு நெய்வதையெல்லாம் கடைக்கே கொடுத்துவிடுகிற வீட்டில், என் வீட்டுக்காரர் எனக்கென்று வைத்து நெய்தது. கட்டிக்கொண்டு கிளம்பினேன். “எந்த ஊட்ல கல்யாணம்?” என்று தெருவில் கேட்டார்கள். “எங்கப்பா ஊட்ல” என்றேன்.

வந்தவாசியில் இறங்கும்போது உச்சி வெயில். கொல்லைப்புறம் போகவில்லை. நேராகக் கடைக்குள் நுழைந்து, கல்லுக்கு எதிரே இருக்கிற முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பேருந்து ஓட்டுநர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் தின்றுகொண்டிருந்தார்கள். பட்டுப் புடவையைப் பார்த்ததும் ஒருவர் தள்ளி இடம் விட்டார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார். மாவு அப்படியே கையில் நின்றது.

“உள்ள போயி உக்காருங்கம்மா. இங்க எண்ணெய் தெறிக்கும்.”

“இங்கியே உக்காந்துக்கறேன். ரெண்டு பரோட்டா போடுங்க.”

வீசினார், சுற்றினார், கல்லில் போட்டார். இரண்டையும் சேர்த்து அடித்து, இலையில் வைத்து, என் மேல் எதுவும் படாதபடி எட்ட நின்று ஒற்றை விரலால் இலையை என் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு வழக்கம் போலக் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

நான் எழுந்து அந்தக் கையைப் பிடித்தேன். வழுக்கியது. விடவில்லை. முந்தானையை எடுத்து, ஜரிகைப் பக்கமாகவே, விரல் விரலாகத் துடைத்தேன். மாவும் எண்ணெயும் பட்டில் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது. உள்ளங்கையைத் துடைத்தேன். புறங்கையைத் துடைத்தேன். அடுத்த கையையும் இழுத்தேன். கடையில் எல்லோரும் தின்பதை நிறுத்திவிட்டார்கள்.

“ஏண்டி கழுதை, உனக்கு புத்தி கெட்டுப் போச்சா?” அப்பா கத்தினார். “எத்தினி நாள் குந்தி நெய்ஞ்ச புடவைடி அது? உடுடி கைய. கற போவுமா இது? அறிவிருக்கா உனக்கு? உன்ன இன்னாத்துக்குப் பெத்து வளத்தேன்?”

திட்டிக்கொண்டே போனார். ஒன்பது வருஷத்துத் திட்டும் சேர்ந்து வந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை, திட்டுவதை நிறுத்தவும் இல்லை. நான் உட்கார்ந்து பரோட்டாவைப் பிய்த்தேன். தலையைத் தூக்கினால் நிறுத்திவிடப் போகிறாரே என்று பயந்து, இலையைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.